எழுவாய் இல்லாத வாக்கியம்

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்திருந்தால் அதற்காகவே என்னை ஒரு பிடி பிடித்திருப்பார். "யாரப் பத்தின்னு சொல்லாம எப்படிமா எழுதுவ?" என்று கேட்டிருப்பார். ஆனால் இதில் இன்னொருவரும் இருக்கிறார். அவர் அறந்தாங்கியில் மனைவி, மகளோடு வாழ்கிறார். அவருக்காகத்தான் இரண்டு பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

தொழில்நுட்பத் தரநிலைகளை வெளியிடும் ஓர் அலுவலகத்தில் நான் குழுச் செயலாளராக இருந்தேன். செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பல நிறுவனங்களிலிருந்து நிபுணர்கள் வந்து உட்கார்ந்து சேர்ந்து ஒரு வரைவு எழுதுவார்கள். அவர்கள் பேசப் பேச நான் திரையில் தட்டச்சு செய்வேன். யார் எந்த வரிக்கு என்ன ஆட்சேபம் சொன்னார் என்று அட்டவணையில் குறிப்பேன். அந்தச் சமயம் எங்களுக்கு வந்தது மேகக் கணிமைக் கண்காணிப்புக்கான தரநிலை. இப்போதெல்லாம் நிறுவனங்கள் சொந்தமாகக் கணினி வைத்துக்கொள்வதில்லை. எங்கோ இருக்கும் பெரிய கணினிக் கூடங்களில் இடம் எடுத்துக்கொள்கின்றன. அந்த இடம் நிரம்பி வழிகிறதா, இயந்திரம் திணறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். எப்போது அடிக்க வேண்டும், அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக எழுதி வைப்பதுதான் வேலை.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் கூடுவோம். கீழே இரும்புச் சாமான் கடை. யாராவது சங்கிலி வெட்டினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். குழுவில் எட்டுப் பேர். என்னைத் தவிர அக்கா ஒருவர்தான் தமிழர். யாழ்ப்பாண வம்சாவளி, ஆனால் பேச்சு எங்கள் எல்லாரையும் போலச் சிங்கப்பூர்த் தமிழ்தான். ஒரு கணினிக் கூடத்தில் பல வருடங்களாக வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாசிர் ரிஸ்ஸில் தனியாக ஒரு வீடு. மூக்குக் கண்ணாடியைக் காலணிக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

முதல் கூட்டத்தில் நாங்கள் பார்த்த முதல் வரி, தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்: "அலாரம் உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டும்." யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"யாரால்?" என்றார் அக்கா.

குழுத் தலைவர் சீனர், பொறுமைசாலி. "பணியில் இருப்பவரால். அது எல்லாருக்கும் தெரியும்," என்றார்.

"எல்லாருக்கும் தெரியும்னா எழுதிடலாமே. எழுதாம ஏன் விடறோம்?"

அந்த ஒரு வரிக்கு மதியம் வரை ஆனது. அன்று மட்டுமல்ல. "முடிவு செய்யப்படும்", "தெரிவிக்கப்படும்", "சரிசெய்யப்படும்" என்று எங்கே வந்தாலும் அக்கா கையைத் தூக்குவார். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் எழுவாய் எங்கே, எழுவாய் எங்கே என்று தேடச் சொல்வாரே, அந்த மாதிரி. குழுவில் சிலர் அவர் கை உயர்ந்ததும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். நானும் மனத்துக்குள் சலித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டக் குறிப்பில் ஒருமுறை, "உணவு இடைவேளைக்குப் பிறகு தொடர்வதென்று தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டேன். அக்கா எனக்குப் போன் போட்டார்.

"யாருமா தீர்மானிச்சது?"

"அக்கா, அது சாப்பாட்டு பிரேக்கா..."

"அதனால என்ன? தலைவர் தீர்மானிச்சாருன்னு போடு. அவருக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

கூட்டம் முடிந்ததும் நாங்கள் இருவரும் லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போய்ச் சாப்பிடுவோம். அங்கேயும் இதே கதைதான். "மசால் தோசை சொல்லியாச்சு" என்று பரிமாறுபவர் சொன்னால், "யார்கிட்ட சொன்னீங்க?" என்பார். அவர் சிரித்துக்கொண்டே, "மாஸ்டர்கிட்டதாங்கா" என்று கைகாட்டுவார். அக்கா சிரிக்க மாட்டார். மாஸ்டர் தோசைக்கல்லின் பக்கம் திரும்புகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்.

பிறரிடம் கேட்பதைவிடத் தன் பெயரைப் போடுவதில் இன்னும் கறார். ஒருநாள் அலுவலகத் தேநீர் அறையில் அவர் கையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. அன்று மாலை எங்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல்: தம்ளரை உடைத்தது நான், துண்டுகளைப் பொறுக்கிவிட்டேன், ஜன்னல் பக்கம் வெறுங்காலோடு போக வேண்டாம். தலைவர் அதைப் படித்துவிட்டு, "ஷி இஸ் லைக் தட் லா" என்றார். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாகக் கடையில் சேர்ந்த ஆளைப் பார்த்தால், "எந்த ஊரு தம்பி?" என்று கேட்பார். மதுரை, கடலூர் என்றால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். புதுக்கோட்டைப் பக்கம் என்றால் நிற்பார். அறந்தாங்கி என்றால் பக்கத்தில் இருப்பவர்களை மறந்துவிடுவார். ஒரு பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்பார். தெரியாது என்பார்கள். பழைய சிநேகிதர் யாரோ என்று நினைத்திருந்தேன்.

மாதங்கள் போயின. வரைவில் அலாரத்தை நிறுத்தி வைப்பது பற்றிய பகுதிக்கு வந்தோம். கண்காணிப்பு வேலையில் இது ஒரு பெரிய தொல்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். பணியில் இருப்பவர்கள் அலுத்துப்போய் அதன் வாயை அடைத்துவிடுவார்கள். அப்படி அடைத்தால் அதைச் செய்தவரின் பெயரையும் காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று அக்கா ஒரு வரி எழுதிக் கொண்டு வந்திருந்தார்.

பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து வந்திருந்த இளைஞர் எதிர்த்தார். அவரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். பெயரை எழுதினால் பழிபோடுவார்கள், பயத்தில் எல்லாரும் தவறுகளை மறைப்பார்கள், எந்தக் கணக்கின் வழியாக அலாரம் நிறுத்தப்பட்டது என்று தெரிந்தால் போதும் என்றார். பலரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

"ஒரு ஷிஃப்டுக்கு ஒரே கணக்கு. அஞ்சு பேரு அதுல வேல செய்வாங்க. அப்ப?" என்றார் அக்கா.

"அப்போது அது அந்த ஷிஃப்டின் பொறுப்பு. தனிமனிதர் மேல் பழி விழாது. அதுதானே நல்லது?"

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "பேரு எழுதலன்னா பழி விழாமப் போயிடுமா? விழும். யாரால திருப்பிப் பேச முடியாதோ அவங்க மேல போய் விழும்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் அப்படி நடந்துகொண்டு நாங்கள் பார்த்ததில்லை. தலைவர் இடைவேளை விட்டார். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். இரும்புக் கடை வாசலில், சுருட்டி வைத்திருந்த சங்கிலிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "வா, தே குடிக்கலாம்," என்று டீக்கடைக்கு அழைத்தார். நாங்கள் அன்று கூட்டத்துக்குத் திரும்பவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் பின்பக்க மேசையில் உட்கார்ந்து அக்கா சொன்னது இது.

பதினொரு வருடங்களுக்கு முன்பு அவருடைய குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். அறந்தாங்கிக்காரர், வேலை அனுமதியில் வந்தவர். நல்ல கெட்டிக்காரர். ஒருநாள் பகல் ஷிஃப்ட். அவர் இருக்கையை விட்டு எழுந்து போயிருந்தார். ஒரு வாடிக்கையாளரின் சேமிப்பிடம் நிரம்புகிறது என்று அலாரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்று காலையிலிருந்தே இப்படிப் பல அலாரங்கள். இளைஞரும் சிலவற்றை நிறுத்தியிருந்தார். அக்கா அவருடைய இருக்கையில் உட்கார்ந்து, பொதுக் கணக்கிலேயே அதையும் நிறுத்தினார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குள் மேலதிகாரி கூப்பிட்டார். மறந்துவிட்டது.

மாலையில் சேமிப்பிடம் நிரம்பி வாடிக்கையாளரின் சேவை முழுவதும் நின்றுபோனது. பெரிய வாடிக்கையாளர், கொதித்துப்போய்விட்டார். மறுநாள் அறிக்கை தயாரானது. அதில் ஒரு வரி: "ஷிஃப்டின்போது அலாரம் நிறுத்தப்பட்டுள்ளது."

"அவ்வளவுதான். யாரு நிறுத்தினாங்கன்னு இல்ல. படிச்சதும் எனக்கு மூச்சு வந்துச்சு. தப்பிச்சேன்னு நெனச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னும் நெனச்சேன்."

"அப்புறம்?"

"அது யாரு ஷிஃப்டுன்னு பாத்தாங்க. அவரத்தான் கூப்பிட்டாங்க. அன்னைக்கே ஆபீஸ் பாஸ வாங்கிக்கிட்டாங்க. கம்ப்யூட்டர தொடவே விடல. அந்த வாரமே பிளேன் ஏத்திட்டாங்க."

"நீங்க சொல்லலையா?"

"மேனேஜர் ரூம் வரைக்கும் போனேன். அவரு போன்ல இருந்தாரு. கையக் காட்டி அப்புறம் வான்னாரு. நான் திரும்பி வந்து என் சீட்டுல உக்காந்துட்டேன்." தேநீரின் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "பயம்தான்மா. வேற ஒரு காரணமும் இல்ல. அப்பத்தான் டீம் லீடர் ஆக்கியிருந்தாங்க."

இத்தனை நாளும் அவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டதும் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. கூடவே கோபமும் வந்தது; அதையும் மறைக்க விரும்பவில்லை. ஒரு மனிதரை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பதினொரு வருடம் தம்ளர் உடைத்ததற்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தாரா என்று தோன்றியது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்து அதை என்னால் கேட்க முடியவில்லை.

அதன் பிறகு தேடுவதில் நானும் சேர்ந்துகொண்டேன். கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலைக் கன்று வாங்கக் கிராஞ்சிக்குப் போனேன். அக்காவும் கூட வந்தார். செடிப் பண்ணையில் மண் கலந்துகொண்டிருந்த தொழிலாளியிடம் அக்கா வழக்கம்போல ஊர் கேட்டார். அறந்தாங்கி. பெயரைச் சொன்னார். அந்த மனிதர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க தெருவுக்குப் பின் தெருக்கா. சிங்கப்பூர்ல கம்ப்யூட்டர் வேல பாத்தாரே, அவருதானே? இப்ப லோடு வண்டி ஓட்டுறாரு. கம்ப்யூட்டரு பக்கமே போறதில்ல. பொண்ணுக்கு ஸ்கூல்ல ஏதாச்சும் அதுல பண்ணணும்னாக்கூட அடுத்த வீட்டுக்குத்தான் அனுப்புவாரு."

அவருடைய போன் எண்ணைக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் அக்கா என்னைப் பாசிர் ரிஸ்ஸுக்கு வரச் சொன்னார். அவருடைய அடுக்குமாடிக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்து போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார். அதனால் எனக்கும் கேட்டது.

தான் யார் என்று அக்கா சொன்னதும் மறுமுனையில் இருந்தவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். "அக்கா! எப்படி இருக்கீங்க? என் நம்பரு எப்படிக் கெடச்சுது?" என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அக்கா நலம் விசாரிக்காமல் விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு அலாரத்தை நிறுத்தியது நான்தான், நீங்கள் இல்லை என்றார். மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார்.

அவர் வண்டியின் இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இல்லக்கா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் செஞ்சேன்."

"நீங்க செய்யல. சீட்டுல நீங்க இல்ல. நான்தான்..."

"எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன்கா. அன்னைக்கு நாலஞ்சு அலாரத்த ஆஃப் பண்ணினேன். அதுல இதுவும் ஒண்ணு. கவனிக்காமப் பண்ணிட்டேன். மொதல்ல எனக்கும் ஞாபகம் வரல; அப்புறம் வந்துருச்சு. பட்டன அமுக்கினதுகூட ஞாபகம் இருக்கு." மூச்சை இழுத்துவிட்டார். "நீங்க என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. நல்லா இருங்கக்கா."

வைத்துவிட்டார்.

மன்னிக்க மாட்டேன் என்று சொன்னால் தாங்கிக்கொள்ள அக்கா தயாராக வந்திருந்தார். திட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். இதற்கு அவர் தயாராக இல்லை. மேசைமேல் இருந்த போனைப் பார்த்தபடி, "நம்ப மாட்டேங்கறாரேமா," என்றார். "அவரே தன் பேர எழுதிக்கிட்டாரேமா." அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறார், அவருடைய மனைவி. "நீங்க சொன்னது நெசமா? நெசம்னா நேர்ல வந்து சொல்லுங்க. எங்க வீட்டுல இவரு எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாரு. புள்ளையோட ரேங்க் கார்டுலகூட நான்தான் போடுறேன். ஏன்னு இத்தன நாளா எனக்குத் தெரியாது," என்றாராம்.

அறந்தாங்கிக்குப் போவதற்கு முன் அக்கா, அன்று அலாரத்தை நிறுத்தியது தான்தான் என்று தன் நிறுவனத்தில் எழுதிக் கொடுத்தார். அப்போதைய மேலாளர் எப்போதோ போய்விட்டார். இருந்தவர்கள், முடிந்துபோன விஷயம், கிளறாதீர்கள் என்றார்கள். கோப்பில் என் கடிதத்தையாவது வையுங்கள் என்று அக்கா நின்றார். வைத்தார்களா என்று தெரியாது. எங்கள் குழுவில் அவர் இனித் தங்கள் சார்பில் இருக்க மாட்டார் என்று மட்டும் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது.

கடைசிக் கூட்டம் அவர் இல்லாமல் நடந்தது. பெயரைப் பதிவு செய்வது பற்றிய வரி திரையில் வந்தது. "வேண்டும்" என்று இருந்தால் எல்லா நிறுவனங்களும் கட்டாயம் செய்தாக வேண்டும். "லாம்" என்று மாற்றினால் விருப்பம் இருந்தால் செய்யலாம். "லாம்" என்று மாற்றிவிடலாமே என்றார் பெரிய நிறுவனத்திலிருந்து வந்த அந்த இளைஞர். யாரும் கை தூக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். செயலாளருக்கு அதில் பேச உரிமை இல்லை. இல்லாவிட்டாலும் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சொல்லை மாற்றியது நான்தான்.

அக்கா திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தில் அறந்தாங்கிக்குப் போய்விட்டு வந்தார். அப்போதே மெலிந்திருந்தார். வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுவருடமே அது அவரைக் கொண்டுபோய்விட்டது. அறந்தாங்கியிலிருந்து திரும்பி வந்த அடுத்த நாள் காலை பாசிர் ரிஸ் கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

கையில் ஒரு தாள் கொண்டுபோயிருக்கிறார். சேவை நின்றுபோன அன்று மாலை, யார் அலாரத்தை நிறுத்தியது என்று தெரிந்துகொள்ள அவரே கணினியிலிருந்து எடுத்தது. அதில் பெயர் இல்லை, பொதுக் கணக்குதான். ஆனால் நேரம் இருந்தது. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் நிறுத்தியது தானே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாராம்.

அந்த வீட்டில் மனைவி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கணவர் உள்ளறையில்தான் இருந்தார், வெளியே வரவில்லை. அக்கா சொல்ல வந்ததையெல்லாம் மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் தாளை மகளிடம் கொடுத்து அனுப்பினார். அவளுக்குப் பத்து வயது இருக்கும். உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"இது யூடிசியா, சிங்கப்பூர் டைமா?"

அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. பல கணினிகள் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவு வைக்கும்; சிங்கப்பூர் நேரம் அதைவிட எட்டு மணி நேரம் அதிகம். இந்த வேலை தெரிந்த யாராக இருந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அது. அக்கா எழுந்து நின்றுகொண்டு, "சிங்கப்பூர் டைம்தான்," என்றார்.

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நானே செட் பண்ணின மெஷின்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. பிறகு கதவு திறந்தது. அவர் வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைப் பார்க்கவில்லை, தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தபடி மனைவியைப் பார்த்தார்.

"ஒண்ணே காலு," என்றார். "அப்ப நான் சாப்பிடப் போயிருந்தேன்."

மனைவி தாளை எட்டிப் பார்த்தார்.

"சாப்பிடத்தான் போயிருந்தேன்," என்றார் மறுபடியும்.